கேசட்டைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்

சொந்தக்காரர்கள் பழைய கேசட்டுகளைக் கொண்டுவந்து, "இதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பா" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கல்யாண நாதஸ்வரக் கச்சேரி. சில சமயம், குவைத்திலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட். ஒயரை மாட்டினால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒலி எண்ணாக மாறுவதற்கு முன்னால் செய்வதுதான் முக்கால்வாசி வேலை.

டேப்பிலிருந்து வருவது ஓயாமல் ஏறி இறங்கும் மின்னழுத்தம். அதை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது சில்லு. நம் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். சரி, அது ஏன் 44,100? சிடி வருவதற்கு முன் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்துவைத்தார்கள். வீடியோவில் ஒவ்வொரு படமும் வரிவரியாக, இரண்டு பாதிகளாகப் பதியும். வரிக்கு 3 அளவு, பாதிப் படத்துக்கு 245 வரி, நொடிக்கு 60 பாதிப் படம்: பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய வீடியோவில் 294 வரி, 50 பாதிப் படம், அதுவும் 44,100தான்! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 1982இல் சிடி கடைக்கு வந்தபோது இந்த எண்ணும் கூடவே வந்துவிட்டது.

இனி ஹெட், அதாவது டேப்பைத் தொட்டபடி ஒலியைப் படிக்கும் பாகம். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் ஓடுகிறது. அப்படியானால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை டேப்பில் 4.76 மைக்ரான் நீளம்தான். ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அந்த அலை அழிந்துவிடும். குவைத் கேசட்டில் "சௌக்கியமா" என்பதன் 'ச' மழுங்கிக் கேட்பது இதனால்தான். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். இப்போதிருக்கும் நிலையைக் குறித்துவைத்துக்கொண்டு, இடது, வலது இரண்டு சேனலையும் மோனோவாக, அதாவது ஒரே ஒலியாகச் சேர்த்துக் கேட்டபடி மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். இங்கே விட்டதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

அப்புறம் லெவல், அதாவது எவ்வளவு சத்தமாகப் பதிவது என்பது. தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அடி, கண் இமைப்பதற்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். பழைய டெக்கின் ஊசி சராசரியைத்தான் காட்டும். அது நகர்வதற்குள் அடி முடிந்திருக்கும். டேப்பில் ஒலி மிஞ்சினால் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். எண்ணில் அந்த இரக்கம் கிடையாது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினால் மொத்தம் 65,536 படிகள். உச்சிப் படியைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அந்த உச்சிப் படிதான் 0 டெசிபல். அதனால் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறேன். ஒலி குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் 16 பிட்டில், இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே 96 டெசிபல் இடமிருக்கிறது. சாதாரணக் கேசட் 60ஐ எட்டுவதே கஷ்டம். 24 பிட்டில் பதிந்தால் இந்தக் கவலையே இல்லை.

60 நிமிடக் கேசட், 24 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாக ஏறக்குறைய 950 எம்பி வரும். வாட்ஸாப்பில் அனுப்ப எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். வேவ் கோப்பை அழிக்காதீர்கள். முழுவதும் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்கும்வரை கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம்.