ஈஎல்84 ஆம்ப்ளிஃபயர்: கட்டுமான நாட்குறிப்பு

ஜனவரி 7

இசை கேட்பதற்கு வால்வுகளால் (வெற்றிடக் குழாய்களால்) ஆன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இடது, வலது என்ற சானலுக்கு ஒரு ஈஎல்84 வீதம், ஒற்றை வால்வு வெளியீட்டு அமைப்பையே கட்டுவது என்று இன்று முடிவாயிற்று. சிக்னலை முதலில் பெருக்கும் முன்னிலைக்கு ஒரே ஓர் ஈசிசி83 வால்வு போதும். அதனுள் இரண்டு ட்ரையோடுகள் (மூன்று முனை வால்வுகள்) இருப்பதால் சானலுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளலாம். மின்வழங்கலில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு ஜிஇசட்34. ஆக மொத்தம் நான்கு வால்வுகள்.

வால்வுக்குள் கேத்தோடு எலக்ட்ரான்களை வெளியிடும், ஆனோடு அவற்றை வாங்கும், இடையில் உள்ள கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், ஸ்கிரீன் என்பது இரண்டாவது கிரிட். ஈஎல்84இன் தரவுத்தாள் காட்டும் வழக்கமான நிலை இது: ஆனோடில் 250 வோல்ட், ஆனோடு மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர், ஸ்கிரீன் மின்னோட்டம் 5.5 மில்லி ஆம்பியர், கிரிட்டில் எதிர் 7.3 வோல்ட். இந்த நிலையில் 5.7 வாட் கிடைக்கும், ஆனால் 10 சதவீதத் திரிபோடு (அலை உருக்குலைவோடு) கிடைக்கும். ஆனோடு தாங்கக்கூடிய வெப்பம் 12 வாட்; 250ஐ 48ஆல் பெருக்கினால் சரியாக அந்த 12 வாட்டே வருகிறது. எல்லைக்கோட்டின் மேலேயே வால்வை நிறுத்தி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே கேத்தோடு ரெசிஸ்டரை 135 ஓமுக்குப் பதிலாக 150 ஓமாக வைத்து மின்னோட்டத்தைச் சற்றுக் குறைக்கிறேன்.

ஐந்து வாட் போதுமா என்பது எல்லோரும் எழுப்பும் கேள்வி. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர், ஐந்து வாட்டில் 95 டெசிபல் தரும். ஆற்றலை இரட்டிப்பாக்கினாலும் கூடப்போவது மூன்று டெசிபல்தான். ஓர் அறைக்கு இது போதும்.

ஜனவரி 14

சேசிஸில் (எல்லாவற்றையும் தாங்கும் உலோகப் பெட்டியில்) துளையிடுவதற்கு முன் ட்ரான்ஸ்ஃபார்மர்களின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். மின்வழங்கல் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்தால், அதனால் எழும் ரீங்காரத்தைப் பின்னர் எந்தக் கெபாசிட்டராலும் போக்க முடியாது. இதற்கு ஒரு பழைய வழி உண்டு. வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனை இணைத்துவிட்டு, மற்ற எதையும் இணைக்காமல் மின்வழங்கல் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒன்றை மற்றொன்றுக்கு எதிரே மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். ரீங்காரம் ஏறி இறங்குவது காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டின் இரும்பு உள்ளகங்களும் செங்குத்தாக நின்ற ஒரு நிலையில் ஒலி ஏறத்தாழ மறைந்தது. அந்த நிலையைச் சேசிஸ் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 21

இன்று முழுவதும் இழைக் கம்பிகளும் (வால்வுகளைச் சூடேற்றும் இழைகளுக்கு மின்சாரம் தருபவை) நிலக் கம்பிகளும் (சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்புகள்). இரண்டு ஈஎல்84க்கு 1.52 ஆம்பியர், ஈசிசி83க்கு 0.3 ஆம்பியர் என்று 6.3 வோல்ட் சுற்றில் ஏறத்தாழ 1.8 ஆம்பியர் மாறுமின்னோட்டம் ஓடும். ஜிஇசட்34க்குத் தனியாக 5 வோல்ட் சுற்று இருக்கிறது. இழைக் கம்பிகளை இறுக்கமாக முறுக்கிச் சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோனேன். கிரிட் கம்பிகளைக் கடக்க வேண்டிய இடங்களில் செங்குத்தாகவே கடக்க விட்டேன்.

நிலக் கம்பிகளில் ஓர் ஒழுங்கு தேவை. முதல் கெபாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் சிறு சிறு துடிப்புகளாக வருவது. அந்தப் பாதையில் உள்ளீட்டின் நிலக் கம்பியையும் இணைத்துவிட்டால் துடிப்புகள் நேராக இசையோடு கலந்துவிடும். ஆகவே ட்ரான்ஸ்ஃபார்மரின் நடுமுனை முதலில் முதல் கெபாசிட்டரின் எதிர்முனைக்குச் செல்கிறது. அங்கிருந்து அடுத்த கெபாசிட்டருக்கும், பிறகு வெளியீட்டு நிலைக்கும், கடைசியாக உள்ளீட்டு நிலைக்கும் செல்கிறது. சேசிஸோடு இணைப்பு ஓர் இடத்தில் மட்டும், உள்ளீட்டுச் சாக்கெட்டின் அருகே. மின்விநியோகத்தின் பாதுகாப்பு நிலக்கம்பி மட்டும் தனி போல்ட்டில் நேரடியாகச் சேசிஸோடு இணைகிறது. ரீங்காரம் குறையும் என்று அதைக் கழற்றச் சொல்லும் ஆலோசனையை எவர் சொன்னாலும் கேட்கக் கூடாது.

ஜனவரி 28

முதல் மின்னேற்றம். 250–0–250 சுற்றின் உச்ச மின்னழுத்தம் 353 வோல்ட். வெளியீட்டு வால்வுகள் சூடேறி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும்வரை கெபாசிட்டர்கள் அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும். அதனால் எல்லாம் 450 வோல்ட் வகை. ஜிஇசட்34க்குப் பின் வரும் முதல் கெபாசிட்டர் 60 மைக்ரோ ஃபாரடைத் தாண்டக் கூடாது என்பது அந்த வால்வின் வரம்பு, நான் வைத்திருப்பது 47. இரண்டாவது 100 மைக்ரோ ஃபாரட். இடையில் 390 ஓம், 10 வாட் ரெசிஸ்டர்.

ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் ரெசிஸ்டர்களை இணைத்திருந்தேன். வெளியீட்டில் சுமையே இல்லாமல் பெரிய சிக்னலோடு இயக்கினால் ட்ரான்ஸ்ஃபார்மரின் வால்வுப் பக்கத்து முதன்மைச் சுற்றில் எழும் மின்னழுத்தம் காப்பைத் துளைத்துவிடும். மின் இணைப்பில் தொடராக ஓர் இழைப் பல்பைப் போட்டு இயக்கியதில் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. குறுக்குச் சுற்று எதுவும் இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி. பல்பை எடுத்துவிட்டு அளந்தபோது முதல் கெபாசிட்டரில் 310 வோல்ட்டும் இரண்டாவதில் 270 வோல்ட்டும் இருந்தன. கேத்தோடில் 7.5 வோல்ட், அதாவது 150 ஓம் வழியே 50 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனின் பங்கைக் கழித்தால் ஆனோடுக்கு 45. வெப்பம் 11 வாட்டைச் சற்றே தாண்டுகிறது. நினைத்தபடியே இருக்கிறது.

இணைப்பைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் மிச்சமிருக்கும். வடிகால் ரெசிஸ்டர் இருந்தாலும் மூன்று நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்கிறேன். இயங்கும்போது அளப்பதாக இருந்தால் ஒரு கை மட்டுமே வேலை செய்யும், மற்றொன்று பின்னால் இருக்கும்.

பிப்ரவரி 4

இசை வருகிறது, அதோடு ரீங்காரமும் வருகிறது. உள்ளீட்டைக் குறுக்கிணைத்துவிட்டு அளந்தால் ஸ்பீக்கர் முனையில் 6 மில்லி வோல்ட். எண்ணாகப் பார்த்தால் அற்பம்; ஆனால் 88 டெசிபல் ஸ்பீக்கரில் இது ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 34 டெசிபல் ஒலியாகும். இரவில், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், தவறாமல் கேட்கும்.

எந்த ரீங்காரம் என்று தெரியாமல் மருந்து தேடக் கூடாது. மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ் என்றால், முழு அலைத் திருத்தத்திலிருந்து மிஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸாக இருக்கும். இழைச் சுற்றிலிருந்தோ காந்தப்புலத்திலிருந்தோ வருவது 50 ஹெர்ட்ஸாக இருக்கும். கணினியின் ஒலி அட்டை வழியே அலைமாலையைப் பார்த்தபோது 100 ஹெர்ட்ஸ்தான் ஓங்கி நின்றது. பெண்டோடின் (ஈஎல்84 போன்ற ஐந்து முனை வால்வின்) ஆனோடு இந்த அலைவைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆனால் ஸ்கிரீன் அதைப் பெருக்கியே கொடுக்கும்.

390 ஓமை எடுத்துவிட்டு 10 ஹென்றி சோக் (இரும்பின் மேல் சுற்றிய கம்பிச்சுருள்) ஒன்றைப் பொருத்தினேன். 100 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) ஏறத்தாழ 6,280 ஓம்; பழைய ரெசிஸ்டரைப் போல் பதினாறு மடங்கு, அதாவது 24 டெசிபல் கூடுதல் வடிகட்டல். ஆனால் நேர்மின்னோட்டத்துக்குச் சோக்கின் தடை 180 ஓம்தான் என்பதால், அதை மட்டும் வைத்தால் மின்னழுத்தம் இருபது வோல்ட்டுக்கு மேல் ஏறி வால்வுகள் தம் எல்லையைக் கடந்துவிடும். தொடராக 220 ஓமைச் சேர்த்ததில் மீண்டும் 270 வோல்ட் ஆயிற்று. சோக் வைத்ததும் ஒலி ‘திறந்துகொண்டது’ என்று வியப்பவர்களில் சிலர், உண்மையில் ஏறிப்போன மின்னழுத்தத்தைத்தான் கேட்கிறார்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

பிப்ரவரி 8

ரீங்காரம் 2 மில்லி வோல்ட்டாகக் குறைந்திருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். இழைக்கும் கேத்தோடுக்கும் இடையே கசியும் மின்னோட்டமே காரணமாக இருக்கும் என்று கருதி, இழைச் சுற்று முழுவதையும் நேர் 35 வோல்ட்டுக்கு உயர்த்தினேன். 270 வோல்ட்டிலிருந்து 220 கிலோ ஓமும் 33 கிலோ ஓமும் சேர்ந்த மின்னழுத்தப் பகுப்பி ஒன்று போதும். பழைய வடிகால் ரெசிஸ்டரின் வேலையையும் அதுவே ஏற்றுக்கொள்கிறது. இப்போது 0.8 மில்லி வோல்ட். ஐந்து வாட்டுக்கு, அதாவது 6.3 வோல்ட்டுக்கு, ஒப்பிட்டால் 78 டெசிபல் கீழே. ஸ்பீக்கரோடு காதை ஒட்டினால்தான் ஏதோ இருப்பது தெரிகிறது.

இந்த வேலைக்குப் பிறகு கேட்டபோதுதான், வீணையின் தந்தி அடங்கும் கடைசி நொடி இதுவரை ரீங்காரத்துக்குள் மூழ்கியிருந்தது புரிந்தது. இதுவரை செய்த மேம்பாடுகளில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

பிப்ரவரி 18

அமைதி கிடைத்த பிறகு குறைகள் தெளிவாகத் தெரிகின்றன. கீழ்ச்சுருதிகள் சில உப்பிக் கேட்கின்றன, சில காணாமலே போகின்றன.

கணக்குப் போட்டால் காரணம் விளங்குகிறது. வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் 5,000 ஓமை 8 ஓமாக மாற்றுகிறது. மின்மறுப்பு விகிதம் 625, சுற்று விகிதம் அதன் வர்க்கமூலமான 25. பெண்டோடாக இயங்கும் ஈஎல்84இன் அகத்தடை ஏறத்தாழ 38 கிலோ ஓம். அதை 625ஆல் வகுத்தால் ஸ்பீக்கர் காணும் மூலத்தடை (ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை) 61 ஓம்! எட்டு ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர், தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் முப்பது, நாற்பது ஓம் வரை ஏறக்கூடியது. மூலத்தடை இவ்வளவு பெரிதாக இருந்தால், மின்மறுப்பு ஏறும் இடத்தில் எல்லாம் ஒலியும் ஏறிவிடும். ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கட்டுப்படுத்துவதற்கு மாறாக, ஸ்பீக்கர் இழுத்த இழுப்புக்குப் போகிறது.

ஸ்கிரீனை 100 ஓம் வழியே ஆனோடோடு இணைத்தால் அதே வால்வு ட்ரையோடாகிவிடும். அகத்தடை 2 கிலோ ஓம் அளவுக்கு இறங்குகிறது, ஸ்பீக்கர் காண்பது 3 ஓம் அளவே. விலையாகக் கொடுப்பது ஆற்றல். ஏறத்தாழ 2 வாட்தான் மிஞ்சும். மாற்றிய உடனே உப்பல் அடங்கியது. எதிர்பாராத வகையில், காணாமல் போன அடிச்சுருதியும் ஓரளவு திரும்பி வந்தது.

அதற்கும் கணக்கு உண்டு. முதன்மைச் சுற்றின் தூண்டல் 10 ஹென்றி. அதற்கு இணையாக நிற்கும் தடை எவ்வளவோ, அதைப் பொறுத்தே கீழ் எல்லை, அதாவது ஒலி குறையத் தொடங்கும் தாழ்ந்த அதிர்வெண், அமையும். பெண்டோடில் 38ம் 5ம் இணைந்து 4.4 கிலோ ஓம், ஆகவே எல்லை 70 ஹெர்ட்ஸ். ட்ரையோடில் 2ம் 5ம் இணைந்து 1.4 கிலோ ஓம், எல்லை 23 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் அதே ட்ரான்ஸ்ஃபார்மர்தான்.

மார்ச் 3

ஆயினும் இந்தக் கணக்கு மெல்லிய ஒலிக்கு மட்டுமே செல்லும். மின்னழுத்தம் மாறாமல் அதிர்வெண் பாதியானால் உள்ளகத்தின் காந்தப்பாயம் இரட்டிப்பாகும். ஒற்றை வால்வு அமைப்பிலோ நேர்மின்னோட்டம் அந்த இரும்பை முன்கூட்டியே ஒரு பக்கம் காந்தமாக்கி வைத்திருக்கிறது. அதற்காகத்தான் உள்ளகத்தில் காற்றிடைவெளி விடுகிறார்கள், இடைவெளி விட்டால் தூண்டல் குறைகிறது. இரண்டையும் ஒருசேரப் பெறுவதற்குப் பெரிய இரும்பைத் தவிர வேறு வழியில்லை.

பழைய ட்ரான்ஸ்ஃபார்மரை விட மூன்று மடங்கு எடையுள்ள ஜோடியை இன்று பொருத்தினேன். 50 மில்லி ஆம்பியர் ஓடும்போதே 22 ஹென்றி. முன்பு 40 ஹெர்ட்ஸில் இரண்டு வாட்டிலேயே அலைக்காட்டியில் நசுங்கிய சைன் அலை இப்போது உருக்குலையாமல் நிற்கிறது. மிருதங்கத்தின் தொப்பிக்கு ஓர் உடல் வந்திருக்கிறது.

மார்ச் 10

பெண்டோடை எதிர்ப் பின்னூட்டத்தோடு (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பித் தருவதோடு) முயன்று பார்க்காமல் ட்ரையோடிலேயே நின்றுவிடுவது நியாயமில்லை. 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக் கண்டறிந்த முறை அது. 1947இல் பொறியாளர் வில்லியம்சனின் வடிவமைப்பு வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கி 20 டெசிபல் பின்னூட்டம் கொடுத்து வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் தரத்தையே உயர்த்தியது. என் தேவை அவ்வளவு பெரிதில்லை.

ஈசிசி83இன் கேத்தோடில் 100 ஓமும், ஸ்பீக்கர் முனையிலிருந்து அங்கே 2.7 கிலோ ஓமும் இணைத்தேன். முனைகள் தலைகீழாக இருந்தால் எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகி ஆம்ப்ளிஃபயர் ஊளையிடும். அப்போது இரண்டாம் சுற்றின் முனைகளை மாற்றிவிட வேண்டும். எனவே முதல் சோதனை ரெசிஸ்டர் சுமையில் மட்டும். பெருக்கம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது, அதாவது 12 டெசிபல். திரிபும் ஏறக்குறைய அந்த அளவில் இறங்கியது.

மூலத்தடையை அளப்பது எளிது. சுமையோடு 1.00 வோல்ட், சுமையை எடுத்ததும் 1.28 வோல்ட், எட்டை 0.28ஆல் பெருக்கினால் 2.2 ஓம். பின்னூட்டம் இல்லாத ட்ரையோடைவிடக் குறைவு, ஆற்றலோ முழுமையாக இருக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையின் விளிம்பில் சிறு நடுக்கம் தெரிந்ததால், 2.7 கிலோ ஓமுக்கு இணையாக 1 நானோ ஃபாரட் வைத்தேன்.

பிறகு ஒரு ஸ்விட்ச் மூலம் இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒலியளவை மல்டிமீட்டர் வைத்துச் சமமாக்காமல் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாடு இருந்தாலும் சத்தமானதே நல்லதாகத் தோன்றும். சமமாக்கிய பிறகு, மெல்லிய ஒலியில் இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தன. ட்ரையோடின் தனிக்குணம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மூலத்தடையும் ஸ்பீக்கரும் சேர்ந்து செய்வது என்றே நினைக்கிறேன். ஒலி கூடும்போது ட்ரையோடு இரண்டு வாட்டில் மூச்சு வாங்குகிறது, பெண்டோடு தாங்குகிறது. ஸ்விட்ச் பெண்டோடு பக்கமே இருக்கட்டும்.

மார்ச் 24

இணைப்புக் கெபாசிட்டர்களைப் (நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, சிக்னலை மட்டும் அடுத்த வால்வுக்கு விடுபவை) பற்றி விசாரித்த நண்பருக்காக இன்று ஒரு சோதனை. 0.1 மைக்ரோ ஃபாரடும் 470 கிலோ ஓமும் சேர்ந்தால் கீழ் எல்லை 3.4 ஹெர்ட்ஸ், அதைப் பெரிதாக்குவதால் இசைக்கு ஆதாயமில்லை. கெபாசிட்டர் கசிகிறதா என்பதே முக்கியம். ஒரு மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே கிரிட்டில் ஏறத்தாழ அரை வோல்ட் ஏறி, வால்வு கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். பழைய காகிதக் கெபாசிட்டர்களை உடனே மாற்றச் சொல்வதன் நியாயம் இதுதான்.

இடது சானலில் பாலியெஸ்டரும் வலது சானலில் பாலிப்ரோப்பிலீனும் வைத்து, இரண்டுக்கும் ஒரே மோனோ சிக்னல் கொடுத்துக் கேட்டேன், நண்பரும் கேட்டார். எது எது என்று தெரியாத நிலையில் இருவராலும் பிரித்தறிய முடியவில்லை. நான்கு ஈசிசி83களை மாற்றிப் பார்த்ததில் மட்டும் வேறுபாடு தெரிந்தது: ஒன்று விரலால் தட்டினால் மணிபோல் ஒலித்தது, மற்றொன்றில் சீறல் அதிகம். அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டில் ஒன்றை இடத்தில் வைத்து, மற்றதை மாற்று வால்வாக எடுத்துவைத்து அடித்தகட்டை மூடினேன்.