தலை நிற்கும் அந்தக் கணம்

அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம் இருந்தது. பையை கிளாக் ரூமில் போட்டுவிட்டு, கேமராவோடு நிலையத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்துக்கு நடந்தேன். பார்க்க எத்தனையோ இருந்த ஊர் அது. படிக்கட்டில் மேய்ந்துகொண்டிருந்த மாடப்புறாக்களைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

அபூர்வப் பறவைகளுக்காகப் புதரோரம் நாள்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். காலடியில் திரியும் புறாவை நின்று பார்த்தது அன்றுதான்.

முதலில் எடுத்த படங்களில் உடம்பு தெளிவாக விழுந்தது, தலை மட்டும் கலங்கியிருந்தது. நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம். அதைக் கூட்டியிருக்கலாம். ஆனால் கேமராவை இறக்கிவைத்து வெறுங்கண்ணால் பார்த்தேன். புறா தலையை ஆட்டி ஆட்டி நடக்கிறது என்றுதானே சொல்வோம்? அது ஆட்டவில்லை. தலையைச் சட்டென்று முன்னே நீட்டி, அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. உடம்பு நடந்து வந்து சேரும்வரை தலை அசையாது. சேர்ந்ததும் மறுபடி நீட்டல். காட்சி கலங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1978இல் பாரி ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர் புறாக்களை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டபோது, சுற்றிலும் காட்சி நகராததால் தலையின் அசைவும் நின்றுபோனது.

பிறகு ஷட்டர் வேகத்தை மாற்றவேயில்லை. நீட்டல், நிறுத்தம், நிறுத்தத்தில் அமுக்கு. கீழ்ப்படியில் உட்கார்ந்து லென்ஸைத் தரையை ஒட்டி வைத்தேன். ஓர் ஆண் புறா கழுத்தை உப்பிக் குனிந்து குனிந்து ஜோடியைச் சுற்றிவந்தது. அது திரும்பும்போதெல்லாம் கழுத்தின் பச்சை ஊதாவாகி, ஊதா பச்சையானது. அது சாயமே இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம். வெயில் என் முதுகுப்பக்கம் இருந்தபோதுதான் முழுசாகக் கிடைத்தது.

மேலே ஜன்னல் விளிம்பில் ஒரு கூடு. கடலோரப் பாறை முகடுகளில் வாழ்ந்த இனத்துக்கு நம் கட்டடங்களும் பாறைகள்தான். தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும் என்று படித்திருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது வால் நுனி மட்டும்.

கடைசியாக வந்தது ஒரு நொண்டிப் புறா. லென்ஸில் நெருங்கிப் பார்த்தேன். வலது காலில் நூலும் தலைமுடியும் முறுக்கிக்கொண்டு ஒரு விரல் வீங்கியிருந்தது, பக்கத்து விரல் இல்லை. தரையில் கிடப்பது நடக்கும்போது சுற்றிக்கொள்ளும், இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விரல் கருகி உதிர்ந்துவிடும். கிட்டப் போனேன். சிறகுகள் சடசடக்கப் பறந்துவிட்டது.

படியில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.