வியாதிக்கு நல்ல பேரு, மாத்திரைக்கு தான் கெட்ட பேரு

எங்க பக்கம் வீட்ட தூத்து தொடச்சு பளபளன்னு வச்சிருக்க பொம்பளைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. தக்கலை பக்கம் வந்து யார்கிட்ட வேணும்னாலும் கேட்டு பாருங்க. நான் கழுவி கழுவி கை தோலு உரிஞ்சு, சோத்துல ரசம் ஊத்தி பெசைஞ்சா விரல் இடுக்கெல்லாம் எரியும், அப்படி கிடந்த காலத்துல எனக்கு கிடைச்ச நல்ல பேரு அதுக்கு முன்னாலயும் கிடைக்கல, பெறவும் கிடைக்கல. "அவளுக்க வீட்டு அடுக்களைய பாரு, தரையில சோறு போட்டு திங்கலாம்"னு பக்கத்து வீட்டு மாமி தனக்க மருமவள குத்தி காட்டுததுக்கு என்னைய தான் உதாரணம் சொல்லுவா. அந்த மருமவ இப்பவும் எனக்க கிட்ட சரியா பேச மாட்டா, பாவம், அவ கோவத்துல ஞாயம் இருக்கு.

அதே மாமி, நான் ஓசிடிக்கு, அதாவது எண்ண சுழற்சி நோய்க்கு, டாக்டர பாத்து மாத்திரை போடுதேன்னு தெரிஞ்ச பெறவு என்ன சொன்னா தெரியுமா, "நல்ல பிள்ளையா தான இருந்துது, என்ன ஆச்சோ". நல்ல பிள்ளையா இருந்தப்போ தான் மாமி எனக்கு சுகமில்லாம இருந்துது!

ஓசிடின்னா பேனாவ வரிசையா அடுக்கி வைக்குதது, பெட்ஷீட் சுருக்கம் இல்லாம விரிக்குதது, இப்படி தான் நிறைய பேரு நெனச்சுட்டு இருக்காங்க. ஆபீஸ்ல கூட "எனக்கும் கொஞ்சம் ஓசிடி உண்டுப்பா"ன்னு சிரிச்சுட்டே சொல்லுவாங்க, நானும் சிரிச்சுக்கிடுவேன். அவங்களுக்கு அடுக்கி வச்சா ஒரு சந்தோசம். எனக்கு அதுல ஒரு துளி சந்தோசம் கிடையாது. வேண்டாத நெனப்பு ஒண்ணு வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அத அடக்க ஒரு காரியம் செய்யணும், செஞ்சா கொஞ்ச நேரம் நிம்மதி, பெறவு அதே நெனப்பு இன்னும் பலமா வரும். இதுக்கே ஒரு நாளுல ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா, இல்ல இதனால வேலை வெட்டி கெட்டு போச்சுன்னா அது வியாதி தான்னு டாக்டர் சொன்னாங்க. எனக்கு ஒரு மணி நேரம் எல்லாம் காலைல குளிச்சு முடிக்கதுக்கே போயிரும்.

கழுவுததாவது வெளிய தெரியும். வெளிய தெரியாதது தான் கொடுமை. நான் ஸ்கூட்டில நாகர்கோவிலுக்கு வேலைக்கு போறவ. நம்ம ரோட்ட பத்தி உங்களுக்கு சொல்லணுமா, வில்லுக்குறி தாண்டி தோட்டியோடு வாறதுக்குள்ள எத்தன குழி. ஒரு குழியில வண்டி டமார்னு இறங்கும், உடனே மண்டைக்குள்ள ஒரு குரல், இல்ல, குரல்னு சொன்னா தப்பு, எனக்க சொந்த நெனப்பு தான், "அது குழி இல்ல, யாரையோ இடிச்சுட்ட". கண்ணாடில பாப்பேன், யாரும் இல்ல. கொஞ்ச தூரம் போவேன், "ரோட்டுல இல்லன்னா ஓடைக்குள்ள விழுந்து கிடந்தா?" வண்டிய திருப்பணும். திரும்பி வந்து ஓரத்துல நிறுத்தி, போன் பேசுத மாதிரி நடிச்சுக்கிட்டு ஓடைய எட்டி பாப்பேன், புல்லும் பிளாஸ்டிக் கவரும் தான் கிடக்கும். சரின்னு கிளம்பினா திரும்பி வந்த வழில இன்னொரு குழியில இறங்கியிருப்பேன்லா, அதயும் பாக்கணுமே. சுங்கான்கடை வாறதுக்குள்ள அழுகை வந்துரும். ஆபீஸ் போய் முன் சக்கரத்த குனிஞ்சு பாக்குதது, மறுநாள் பேப்பர்ல நம்ம ஊரு விபத்து செய்தி ஒண்ணு விடாம படிக்குதது, இதெல்லாம் தனி.

வீட்டுக்கு வந்தா அம்மாகிட்ட கேப்பேன், "எம்மா, நான் யாரையும் இடிச்சிருக்க மாட்டேன்லா?" "இல்ல மக்ளே, நீ எதுக்கு இடிக்க போற." பத்து நிமிசம் நிம்மதி. மறுபடியும் கேப்பேன். எங்க அம்மாவும் சலிக்காம சொல்லும். அம்மா பாசத்துல சொன்ன அந்த "இல்ல மக்ளே" எனக்க வியாதிக்கு தீனி போட்டுட்டு இருந்துதுன்னு ரெண்டு பேருக்கும் வருசக்கணக்கா தெரியாது.

இத விட மோசமா ஒண்ணு உண்டு, எழுதவே கை கூசுது. அக்காளுக்க கைக்குழந்தைய நான் தூக்கும்போது கத்தி நெனப்பு வரும். பூசை நேரத்துல பீடத்த பாத்தா வாயில சொல்ல முடியாத கெட்ட வார்த்தை மனசுல ஓடும். நான் அந்த பிள்ளைய உசுரா நெனைக்குதவ, அதனால தான் அந்த நெனப்பு அங்க போய் ஒட்டுதுன்னு பெறவு தான் புரிஞ்சுது, எது நமக்கு பெருசோ அதத்தான் இந்த வியாதி பிடிக்கும். ராக்மன், டி சில்வான்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க 1978ல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, ஒரு வியாதியும் இல்லாத சாதாரண ஆளுங்கள்ல பெரும்பாலான பேருக்கும் இதே மாதிரி கண்டாமுண்டா நெனப்பு வந்து போகுதுன்னு காட்டுனாங்க. அவங்க "சீ"ன்னு தள்ளிட்டு போயிருதாங்க. நாங்க அத பிடிச்சு வச்சு விசாரணை நடத்துதோம், அவ்வளவு தான் வித்தியாசம். டாக்டர் இத சொன்ன அன்னைக்கு ராத்திரி தான் நான் அக்கா பிள்ளைய பயமில்லாம மடியில போட்டேன், பயமில்லாமன்னு சொல்ல முடியாது, பயத்தோட போட்டேன்.

அதுக்கு முன்னால வாரா வாரம் பாவசங்கீர்த்தனம், சர்ச்சுல சாமியார்கிட்ட செஞ்ச பாவத்த சொல்லுதது. செஞ்சுட்டு வெளிய வந்தா, சரியா சொன்னோமா, ஒண்ண விட்டுட்டோமான்னு திரும்ப போய் வரிசைல நிப்பேன். கடைசில சாமியார் தான், "இனி இதே பாவத்த கொண்டு எனக்க கிட்ட வராத, இது பாவமே இல்ல, போய் டாக்டர பாரு"ன்னாரு. இயேசு சபைய தொடங்கின புனித இஞ்ஞாசியாரும் 1522ல ஸ்பெயின்ல மன்ரேசாவுல இருந்தப்போ இப்படித்தான், சொன்ன பாவத்தயே திரும்ப திரும்ப சொல்லி நிம்மதி இல்லாம, உசுர மாய்ச்சுக்கலாமான்னு நெனைக்குத அளவுக்கு போனாராம், அவரே சொல்லி எழுதி வச்சிருக்கு. நம்ம கோட்டாறு சவேரியாருக்கு கூட்டாளி அவரு! அவருக்கே இந்த கதின்னா நான் எம்மாத்திரம்னு அன்னைக்கு ஒரு தைரியம்.

சரி, டாக்டருக்கு வாறேன். குமரிக்காரங்களுக்கு பைத்தியம்னா ஊளம்பாறை தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஆளுங்க, திருவனந்தபுரத்து ஊளம்பாறை ஆஸ்பத்திரி 1870லயே வந்தது, அந்த பேரு நம்ம நாக்குல அப்படியே நின்னுட்டு. சின்ன பிள்ளைல குறும்பு செஞ்சா "உன்ன ஊளம்பாறைல கொண்டு விடணும்"னு சொல்லாத பெரியாளு உண்டா. அதனால மனநல டாக்டர்னு சொன்னதும் அம்மா மொத முகம் வெளுத்து போய், "வட்டுன்னு பேரு வந்தா எவன் மக்ளே கெட்டுவான்"னு தான் கேட்டுது. அதுக்கு முன்னால மந்திரிச்சு சரடு கெட்டியாச்சு, அதுக்கு ஊரு ஒண்ணும் சொல்லல கேட்டீங்களா, சரடு கையில வெளிய தெரிய தான் கிடந்துது.

மொத நாள் ஓபி வரிசைல எங்க தெருவுல உள்ள ஒரு சித்தி இருந்தாங்க. ரெண்டு பேரும் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டோம். இன்னைக்கு வரைக்கும் அத பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல, ஆனா கல்யாண வீட்டுல பாத்தா எனக்கு மட்டும் ஒரு துண்டு பழம் கூடுதலா வைப்பாங்க.

மருந்து செர்ட்ராலின். மனச்சோர்வுக்கு கொடுக்குதத விட இதுக்கு அளவு கூட வேணும், வேல செய்ய எட்டு பன்னெண்டு வாரம் கூட ஆகும்னு மொதல்லயே சொல்லிட்டாங்க, சொல்லலன்னா ரெண்டு வாரத்துல நான் தூக்கி போட்டிருப்பேன். ஆரம்பத்துல வயிறு பொரட்டும், பெறவு சரியாயிரும். தூக்க மாத்திரைன்னும், பழக்கமாயிரும்னும் சொல்லுதாங்க ஊருல, இது அந்த வகை இல்ல. ஆனா நம்மளா திடீர்னு நிறுத்த கூடாது, டாக்டர் சொல்லி பைய பைய தான் குறைக்கணும்.

மாத்திரை பாதி தான். மீதி பயிற்சி. விக்டர் மேயர்ங்குதவரு 1966ல லண்டன்ல தொடங்கி வச்ச முறையாம், பயப்படுதத நேருக்கு நேரா செய்யணும், ஆனா வழக்கமா செய்யுத சடங்க செய்ய கூடாது. எனக்கு என்னன்னா, குழியில இறங்கினா வண்டிய திருப்பாம போணும். எழுதுதப்போ லேசா இருக்கு. மொத தடவ பார்வதிபுரம் வரைக்கும் கை நடுங்கிட்டே போனேன், ஒரு ஆள கொன்னு போட்டுட்டு போறவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்துது. ஆனா ஒண்ணு, சொறியாம விட்டா கொசுக்கடி தானா அடங்குத மாதிரி, அந்த படபடப்பும் மேல ஏறி ஏறி ஒரு எடத்துல தானா இறங்க ஆரம்பிச்சுது. அது இறங்கும்னே எனக்கு தெரியாது, இறங்க விட்டா தான தெரியும்.

அம்மாவுக்கும் டாக்டர் பாடம் எடுத்தாங்க. நான் கேட்டா "இல்ல மக்ளே"ன்னு சொல்ல கூடாது, "தெரியல"ன்னு தான் சொல்லணும். எங்க அம்மாவுக்கு இது எனக்க பயிற்சிய விட கஷ்டம். "எம்மா, நான் யாரையாவது இடிச்சிருப்பேனா?" அம்மா புளி கரைச்சுட்டே, முகத்த திருப்பிக்கிட்டு, "தெரியல மக்ளே, இடிச்சாலும் இடிச்சிருப்ப." சொல்லிட்டு முந்தானையில கண்ண தொடைக்கும். எனக்கு சிரிப்பும் வரும், கோவமும் வரும். இப்ப அம்மா தேறிட்டுது, சீரியல்ல இருந்து கண்ண எடுக்காமலே சொல்லுது.

உலகம் முழுக்க எடுத்த கணக்குல நூறு பேருக்கு ஒண்ணுல இருந்து மூணு பேரு வரைக்கும் வாழ்நாள்ல இது வருதாம். அப்ப எங்க தெருவுலயே ஆளு இருக்கணும். சுத்தக்காரின்னும், பக்தின்னும், "ரொம்ப கவனமான பையன்"னும் நல்ல பேரு வாங்கிட்டு உள்ளுக்குள்ள வெந்துட்டு இருப்பாங்க. அப்படி யாராவது இத படிச்சா: ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநல பிரிவு உண்டு. நேருல போக கூச்சமா இருந்தா 14416, டெலி மானஸ், 2022ல மத்திய அரசு தொடங்கினது, தமிழ்லயே பேசலாம். டாக்டர் முன்னால வாய் வராதுன்னா பேப்பர்ல எழுதி நீட்டிருங்க, நான் அப்படித்தான் செஞ்சேன். அவங்க படிச்சுட்டு முகம் கூட மாறல.

எனக்க மாத்திரைய அம்மா சொந்தக்காரங்ககிட்ட தைராய்டு மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கு. போன வருசம் வந்த ஒரு சம்பந்தம், நான் பையன்கிட்ட உள்ளத சொன்னதும், "பிள்ள நல்ல பிள்ள தான், ஆனா மாத்திரை..."ன்னு இழுத்து போன வச்சிட்டாங்க. சொல்லாம மறைச்சு கெட்டிக்கிட்டு, அந்த வீட்டுல ஒளிஞ்சு ஒளிஞ்சு மாத்திரை முழுங்குததுக்கு இது எவ்வளவோ மேல்னு எனக்கு தோணுது, அம்மாவுக்கு தோணல. வாற ஞாயித்துக்கிழமை மார்த்தாண்டத்துல இருந்து இன்னொரு கூட்டர் வாறாங்க. டப்பாவ ஷோகேஸ்ல இருந்து எடுத்து உள்ள வைக்கவான்னு அம்மா காலைல இருந்து கேட்டுட்டு இருக்கு. உனக்கு இஷ்டம்னா வை, ஆனா தைராய்டுன்னு மட்டும் சொல்லாண்டாம்னு சொல்லியிருக்கேன்.