செஸ் க்ளப்புல கடைசி டேபிள்

க்ளப் இன்சார்ஜ் வேலைய எந்த டீச்சரும் கேட்டு வாங்குனதா நான் பாத்ததில்ல. வருஷ ஆரம்பத்துல ஸ்டாஃப் மீட்டிங்ல லிஸ்ட் வாசிப்பாங்க, லைப்ரரி இவரு, எக்ஸாம் செல் அவங்க, லேப் இன்னொருத்தர்னு வரிசையா போய்ட்டு கடைசில "ஆக்டிவிட்டீஸ் எல்லாம் புதுசா சேந்தவங்க பாத்துக்கட்டும்"னு முடிச்சிருவாங்க. அப்படித்தான் எனக்கும் வந்துச்சு. கணக்கு எடுக்குறதால செஸ் க்ளப் நேரா என் தலையில, கூடவே டிபேட் க்ளப்பும். செஸ்ஸுக்கும் கணக்குக்கும் ஏதோ ரத்த சொந்தம்னு எல்லாரும் நம்புறாங்க, நானும் மறுக்கிறதில்ல.

முதல் வாரம் க்ளப்ல நிக்க இடம் இருக்காது. பெஞ்ச் பத்தாம பக்கத்து க்ளாஸ்ல இருந்து இழுத்துட்டு வருவாங்க. மூணாவது மாசம் போய்ப் பாத்தா அஞ்சாறு பேரு, அதே முகங்க. ஸ்டாஃப் ரூம்ல இதுக்கு ரெடியா ஒரு பதில் உண்டு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுலயும் நிலைச்சு நிக்கிற புத்தி இல்ல, எல்லாம் போன்தான் காரணம்". எனக்கு இது சரியாப்படல, ஏன்னா விட்டுட்டுப் போன பசங்கள கூப்பிட்டுப் பேசுனா முக்கால்வாசிப் பேரு சொல்றது ஒண்ணுதான்: "டீம்ல எடுக்கல சார், அப்புறம் வந்து என்ன பண்றது?"

அதாவது நாம க்ளப்னு பேரு வச்சிட்டு நடத்துறது செலக்ஷன் ட்ரயல். இன்டர்ஸ்கூல் போட்டி வருது, நாலு பேரு வேணும், ஒரு நாக்அவுட் வச்சு பொறுக்கிடலாம்னு ஆரம்பிக்கும். 32 பேரு பேரு குடுத்திருந்தா நாக்அவுட்ல மொத்தமே 31 கேம்தான் நடக்கும், அதுல முதல் ரவுண்டு முடிஞ்ச உடனே 16 பேருக்கு கதை முடிஞ்சு போச்சு. ஆசையா வந்த பையன் ஒரே ஒரு கேம், அதுவும் போன வருஷ சேம்பியன் கூட பேரிங், அதாவது ஜோடி, விழுந்துச்சுன்னா பத்து நிமிஷம்கூட தாங்காது, பைய எடுத்துட்டு கிளம்ப வேண்டியதுதான். கத்துக்கணும்னு யாருக்கு அதிகமா ஆட்டம் தேவைப்படுதோ அவனத்தான் முதல்ல வெளிய அனுப்புறோம், யோசிச்சுப் பாத்தா விசித்திரமான ஏற்பாடு இது.

செஸ் உலகத்துல இதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே வழி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க, ஸ்விஸ் சிஸ்டம்னு. 1895ல ஸ்விட்சர்லாந்துல இருக்குற ஸூரிக்ல நடந்த ஒரு போட்டியில ஆரம்பிச்சதால அந்தப் பேரு. விஷயம் ரொம்ப சிம்பிள், யாரும் வெளிய போக மாட்டாங்க. ஜெயிச்சா ஒரு பாயின்ட், டிரா ஆனா அரை, அடுத்த ரவுண்டுல கிட்டத்தட்ட ஒரே பாயின்ட் வச்சிருக்கவங்க ஒருத்தரோட ஒருத்தர் ஆடணும், ஒரு தடவ ஆடுனவங்க கூட திரும்ப பேரிங் கிடையாது, வெள்ளையும் கருப்பும் முடிஞ்ச வரைக்கும் மாத்தி மாத்தி வரணும். ஆளு எண்ணிக்கை ஒத்தைப்படையா இருந்தா ஒருத்தருக்கு எதிராளி இல்லாம அந்த ரவுண்டு ஓய்வு, அதுக்கு "பை"(bye)னு பேரு, அதையும் ஒரே ஆளுக்கு ரெண்டாவது தடவ குடுக்கக் கூடாது. அதே 32 பேருக்கு அஞ்சு ரவுண்டு வச்சா 80 கேம். அஞ்சே ரவுண்டுல முதலாவது யாருன்னும் பெரும்பாலும் தெளிவா தெரிஞ்சிரும், பாயின்ட் சமமா வந்தா எதிர்ல ஆடுனவங்க எடுத்த பாயின்ட்டெல்லாம் கூட்டிப் பாக்குற புக்கோல்ஸ் முறை இருக்கு. செலக்ஷனும் ஆச்சு, எல்லாரும் ஆடுன மாதிரியும் ஆச்சு.

ஆனா எனக்கு இதுல புடிச்ச இடம் முதல் டேபிள் இல்ல, கடைசி டேபிள். தோத்தவங்க தோத்தவங்களோட ஆடுறதால கீழ போகப் போக ஆட்டம் சமமாகிட்டே வரும். ஒரு தடவ ஒம்பதாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, நாலு ரவுண்டும் தோத்து பூஜ்யத்துல நின்னுச்சு, அஞ்சாவது ரவுண்டுல எதிர்ல உக்காந்த பையனும் பூஜ்யம். மத்த டேபிள் எல்லாம் காய அடுக்கி வச்சிட்டு எழுந்துட்டாங்க, இவங்க ரெண்டு பேரும் மட்டும் ஆடிட்டே இருக்காங்க. ராணி, யானை எல்லாம் போயி ஆளுக்கு ரெண்டு சிப்பாய் மிச்சம். ஒரு கட்டத்துல அந்தப் பொண்ணு ராஜாவ தொட்டுட்டு கைய இழுத்துக்கிச்சு, தொட்ட காயத்தான் நகத்தணும்ங்கிறது ரூல், பையன் என்னைய பாக்குறான், நான் சொல்றதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு "தெரியும் சார்"னு சொல்லிட்டு ராஜாவ நகத்துச்சு. சுத்தி நின்ன பசங்க யாரும் வாயத் தொறக்கல, முதலாவது வந்தவன் உட்பட, அவனுக்கு எந்த மூவ் சரின்னு தெரியும், கைய கட்டிட்டு உதட்ட கடிச்சிட்டு நின்னான். கடைசில டிரா. ஆளுக்கு அரை பாயின்ட். அந்த அரை பாயின்ட்ட ஷீட்ல எழுதுற வரைக்கும் ரெண்டு பேரும் என் பக்கத்துல இருந்து நகரல. நாக்அவுட்ல இப்படி ஒரு கேம் நடந்திருக்கவே நடந்திருக்காது.

டிபேட் க்ளப்புக்கும் இதே நோய்தான், ஆனா அங்க குரல் வச்சு வெளிய தள்ளிடுவோம். கணீர்னு பேசுறவங்க டீம்ல, மத்தவங்க கைதட்ட. உலகப் பள்ளி மாணவர்களுக்கான டிபேட் போட்டி 1988ல ஆஸ்திரேலியால ஆரம்பிச்சது, அந்த ஃபார்மட்ட எடுத்துக்கிட்டதுல எங்க க்ளப்போட முகமே மாறிப் போச்சு. ஒரு பக்கத்துக்கு மூணு பேரு, ஆளுக்கு 8 நிமிஷம், எதிரணி நடுவுல எழுந்து கேள்வி கேக்கலாம் ஆனா முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் தொந்தரவு பண்ணக் கூடாது, முடிவுல மொத்த விவாதத்தையும் அலசிப் பேசுற 4 நிமிஷ ரிப்ளை. மார்க் போடுறப்ப பேசுற விதத்துக்கு 40, விஷயத்துக்கு 40, உத்திக்கு 20. இந்தக் கணக்க போர்டுல எழுதிப் போட்டதும் அமைதியா உக்காந்திருந்த ரெண்டு மூணு பேரு நிமிந்து பாத்தாங்க. குரல் சுமாரா இருந்தாலும் விஷயத்துல அடிக்கலாமேன்னு அவங்களுக்கு பட்டிருக்கணும். எந்தப் பக்கம் பேசணும்ங்கிறதையும் சீட்டு போட்டுத்தான் முடிவு பண்ணுவோம், அதனால தனக்குப் பிடிக்காத கட்சிக்கும் வாதாடியே ஆகணும். டைம் கீப்பரா உக்காந்து எல்லா ரவுண்டும் கேட்ட பொண்ணு ஒரு நாள் ரிப்ளை பேசுனா பாருங்க, யாரு எந்த வாதத்துக்கு பதிலே சொல்லாம தப்பிச்சாங்கன்னு வரிசையா எடுத்து வச்சா, மேடையில நல்லா பேசுறோம்னு நெனச்சவங்க மொகம் அப்படியே தொங்கிருச்சு.

மேலிடத்துக்கு இதெல்லாம் புரிய வைக்கிறதுதான் பெரிய பாடு. ஆண்டறிக்கையில "வென்ற பரிசுகள்"னு ஒரு கட்டம் இருக்கும், "எத்தன பசங்க வருஷம் பூரா வந்தாங்க"ங்கிறதுக்கு கட்டமே கிடையாது. பேரன்ட்ஸும் பாவம், சர்ட்டிபிகேட் கிடைக்குமான்னுதான் கேப்பாங்க, காலேஜ் அட்மிஷனுக்கு உதவும்னு யாரோ சொல்லியிருப்பாங்க. நான் சர்ட்டிபிகேட் குடுக்குறேன், ஆனா அதுல எத்தனாவது இடம்னு போடுறதில்ல, ஆடுன ரவுண்டு எத்தனன்னு போடுறேன். ஒரு அப்பா அத பாத்துட்டு "இதுல எம் பையன் ஜெயிச்சானா தோத்தானான்னே தெரியலயே சார்"னாரு. பையன்கிட்டயே கேளுங்க சார், எல்லா கேமும் நோட்டுல மூவ் மூவா எழுதி வச்சிருக்கான்னேன்.

இப்ப பேரிங் போடுறது நான் இல்ல, பதினோராவது பசங்க ரெண்டு பேரு. அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு க்ளிக்ல போட்டுக் குடுத்திரும், ஆனா அட்டையில பேரெழுதி டேபிள்ல பரப்பி வச்சு கையாலதான் போடுவோம்னு அடம். நேரம் கூட ஆகுது, நடுவுல சண்டையும் வருது, தனக்கு வெள்ளை வரலன்னு ஒருத்தன் கெளம்புவான், அவங்களே ரூல் புக்க எடுத்து வாசிச்சுக் காட்டி உக்கார வைப்பாங்க. போன வாரம் ஒத்தைப்படை ஆளு, பை யாருக்குன்னு அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசில "சார், நீங்க வந்து ஆடுங்க, இரட்டைப்படை ஆயிரும்"னு என்னைய புடிச்சு உக்கார வச்சிட்டாங்க, அதுவும் நேரா கடைசி டேபிள்ல.