இணையமில்லாக் கணினியில் விஎல்சி, கோடெக்: வெறுங்கூட்டு பெக்கேஜ்கள் படுத்தும் பாடு

சரிவந்துவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வாசிகசாலையின் பழைய கணினி. கோர் 2 டுவோ, 4 ஜிபி ரெம், உபுண்டு 22.04. இப்போது கூத்து டிவிடியை மறுபேச்சில்லாமல் ஓட்டுகிறது, பழைய விசிடியும் ஓடுகிறது, எம்பி4 ஆக மாற்றவும் ஏலும். இணையம் அந்தப் பெட்டிக்குள் ஒருபோதும் நுழையவில்லை. போன் சிக்னலே முற்றத்துக்கு வந்து நின்றால்தான் ஒரு கோடு காட்டும் இடம் அது.

பூட்டபிள் பென்ட்ரைவ் செய்வது, டேர்மினல் திறப்பது எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. விஎல்சி போடுவது பெரிய வித்தையும் இல்லை. சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. எல்லா டெப் கோப்பையும் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் பெக்கேஜ் கோப்பு) கவனமாகச் சேர்த்துக்கொண்டு ஆற்றைக் கடந்து போனாலும், அவற்றில் சில இன்ஸ்டோல் ஆகும் நேரத்தில்தான் "இப்போது நெட் தா" என்று கேட்கும். அங்கே வைத்து ஒன்றும் செய்ய ஏலாது.

முதலில் டெப் கோப்புகளைச் சேர்த்த வழி. உபுண்டுவில் பெக்கேஜ் நிறுவும் கருவி அப்ட்; நெட் இல்லாத கணினிக்கு அதன் வேலையைச் செய்ய உதவும் அப்ட்-ஒஃப்லைன் நல்ல கருவிதான். ஆனால் இணையமே காணாமல் நிறுவப்பட்ட கணினியில் பெக்கேஜ் பட்டியலே இருக்காது. பட்டியலைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு நடை, மறுகா அந்தப் பட்டியலைப் பார்த்து அது கேட்கும் டெப்களைக் கொண்டுவர இன்னொரு நடை. அதோடு அந்தக் கணினியின் மதர்போர்ட் பற்றரி செத்துக் கிடந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். அப்போது கொண்டுபோன பட்டியலைப் பார்த்து "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று அப்ட் அடம்பிடிக்கும். வட்டப் பற்றரி சிஆர்2032, 3 வோல்ட். எதற்கும் ஒன்று பையில் கிடக்கட்டும்.

அதனால் லைவ் பென்ட்ரைவ் வழி. வாசிகசாலைக் கணினி எந்த ஐஎஸ்ஓவால் நிறுவப்பட்டதோ அதே ஐஎஸ்ஓவை டவுனில் நெட் உள்ள ஒரு லெப்டொப்பில் "ட்ரை உபுண்டு" என்று பூட் பண்ண வேண்டும். லைவ் அமர்வில் உள்ள பெக்கேஜ்களும் புதிதாக நிறுவிய கணினியில் உள்ளவையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அங்கே அப்ட் எதையெல்லாம் "தேவை" என்று கணக்குப் பார்க்கிறதோ, அதுவே இங்கேயும் தேவை. போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, யூனிவேர்ஸ், மல்டிவேர்ஸ் என்ற பெக்கேஜ் களஞ்சியங்கள் இரண்டையும் திறந்து (விஎல்சி யூனிவேர்ஸில் இருக்கிறது), அப்ட் அப்டேட் கொடுத்து, அப்ட்-கெட் இன்ஸ்டோலை டவுன்லோட்-ஒன்லி தெரிவோடு ஓட்டினால் போதும். டெப் எல்லாம் வார், கேஷ், அப்ட், ஆர்கைவ்ஸ் ஃபோல்டரில் வந்து விழும். லெப்டொப்பை நிறுத்துமுன் பென்ட்ரைவுக்குக் கொப்பி பண்ணிவிட வேண்டும். லைவ் அமர்வு ரெம்மில்தான் வாழ்கிறது, நிறுத்தினால் எல்லாம் போச்சு.

இரண்டு இடத்தில் இது பிசகும். ஒன்று, 22.04.1 நிறுவிய கணினிக்கு 22.04.5 லைவில் சேர்த்தால் இடையில் மாறிய லைப்ரரிகள் விடுபடும், ஏனென்றால் புதிய ஐஎஸ்ஓவில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. மற்றது, கணினியில் "மினிமல் இன்ஸ்டலேஷன்" தெரிவுசெய்து நிறுவியிருந்தால் லைவில் இருக்கும் பல பெக்கேஜ் அதில் இருக்காது. எந்த வகை என்று தெரியாவிட்டால், வாசிகசாலைக் கணினியில் டிபிகேஜி மைனஸ் எல் கட்டளை காட்டும் நிறுவிய பெக்கேஜ் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் கோப்பாக முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. டவுனில் இருந்துகொண்டே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டேட்டா செலவுக்கு ஒரு குறிப்பு: லேர்ன் நிறுவனத்தின் மிரர் (உபுண்டு பெக்கேஜ்களின் நகல் வைத்திருக்கும் சேர்வர்) இலங்கைக்குள்ளேயே இருக்கிறது. சோர்ஸஸ் லிஸ்டில் அதைப் போட்டு, இரவு நேர டேட்டாவில் இறக்கினால் கைக்கு வலிக்காது.

இப்போது அந்தப் பிடிவாதக்காரருக்கு வருவோம். கோடெக் (வீடியோவையும் ஒலியையும் வாசிக்க, எழுத உதவும் நிரல்) என்று தேடினால் எல்லாரும் கைகாட்டுவது உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ். அது பரிந்துரையாக இழுத்துவரும் டிடிஎஃப்-எம்எஸ்கோர்ஃபொன்ட்ஸ்-இன்ஸ்டோலர் ஒரு வெறுங்கூடு. அதன் டெப் கோப்பு சில பத்து கிலோபைட்தான். பெயரில் ஃபொன்ட் இருக்கிறது, உள்ளே ஒரு ஃபொன்ட்டும் இல்லை. ஏரியல், டைம்ஸ், வேர்டானா என்று 11 எக்ஸ்இ கோப்புகளை சோர்ஸ்ஃபோர்ஜில் இருந்து இறக்கிப் பிரிப்பதுதான் அதன் முழு வேலை. நெட் இல்லாவிட்டால் இன்ஸ்டோல் முடிந்ததுபோலத்தான் தெரியும். மறுகாதான் "மேலதிகத் தரவுக் கோப்புகளை இறக்க முடியவில்லை" என்ற பெட்டி திரையில் வந்து வந்து நிற்கும்.

இந்தக் கணினியிலும் யாரோ முன்பு போட்டுவிட்டுப் போன அந்தப் பெக்கேஜ் கிடந்தது. தீர்வு: அதை பேர்ஜ் பண்ணுவது, அதாவது அமைப்புக் கோப்புகளோடு முழுதாக நீக்குவது. நீக்குவதற்கு நெட் வேண்டாம். அதன் பிறகும் பெட்டி வந்தால், வார், லிப், அப்டேட்-நோட்டிஃபையர், யூசர்.டி என்ற ஃபோல்டருக்குள் டேட்டா-டவுன்லோட்ஸ்-ஃபெயில்ட் என்று ஒரு கோப்பு இருக்கும். அதை அழித்தால் தொல்லை தீர்ந்தது.

வெறுங்கூடுகளை டவுனிலேயே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். பெரிய பேச்சுப் பேசும் பெயர், 50 கேபிக்குக் கீழே அளவு என்றால் சந்தேகம். மெட்டா பெக்கேஜ்களும் சிறியவைதான், ஆனால் அவை வெறும் சார்புப் பட்டியல், தீங்கில்லை. சந்தேகமானதை டிபிகேஜி-டெப் மைனஸ் ஈ கொடுத்துப் பிரித்து, நிறுவும்போது தானாக ஓடும் போஸ்ட்இன்ஸ்ட், ப்ரீஇன்ஸ்ட் ஸ்கிரிப்டுகளில் டபிள்யூகெட், கேர்ல், ஸ்னெப் என்ற சொற்களை (நெட்டில் இருந்து இறக்கும் கட்டளைகள்) தேட வேண்டும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், போதாது. உபுண்டுவின் ஃபொன்ட் இன்ஸ்டோலர் தன் ஸ்கிரிப்டில் எதையும் இறக்குவதில்லை. யூஎஸ்ஆர், ஷேர், பெக்கேஜ்-டேட்டா-டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும், இறக்குவது அப்டேட்-நோட்டிஃபையர். டெபியனில் அதே பெயருடைய பெக்கேஜ் தன் ஸ்கிரிப்டிலேயே இறக்கும். ஆகவே டிபிகேஜி-டெப் மைனஸ் சி போட்டு உள்ளிருக்கும் கோப்புப் பட்டியலில் அந்த ஃபோல்டர் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை உபுண்டுவிலேயே செய்யுங்கள். 21.10 முதல் உபுண்டு டெப்கள் இசட்-ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கப்படுகின்றன, டெபியன் 11 இல் உள்ள டிபிகேஜிக்கு அதைத் திறக்கத் தெரியாது.

ஃபயர்பொக்ஸும் குரோமியமும் இதே கூட்டம். 22.04 இன் டெப், ஸ்னெப் என்ற வேறு வகைப் பெக்கேஜுக்குப் போகும் வாசல்படி மட்டும்தான். ஸ்னெப்தான் வேண்டுமென்றால் ஸ்னெப் டவுன்லோட் கொடுத்து, கூடவே வரும் அசேர்ட் கோப்பையும் அடிப்படை கோர் ஸ்னெப்பையும் எடுத்துப்போய், அங்கே ஸ்னெப் ஆக் கொடுத்த பிறகு இன்ஸ்டோல் பண்ணலாம். பிரவுசர் அங்கே எதற்கு? விட்டுவிட்டேன்.

அடுத்த வெறுங்கூடு லிப்டிவிடி-பிகேஜி. டிவிடி ஓட அது கட்டாயம் என்று ஒரு பரவலான நம்பிக்கை இருக்கிறது. அது வீடியோலேன் தளத்தில் இருந்து லிப்டிவிடிசிஎஸ்எஸ் மூலநிரலை இறக்கி அந்தக் கணினியிலேயே கொம்பைல் பண்ணும். நெட்டும் வேண்டும், கொம்பைலர் பட்டாளமும் வேண்டும். பாதியில் நின்றால் அதன் பிறகு அப்ட் ஓடும் நேரமெல்லாம் ஒரு முறைப்பாட்டு வரி வரும். ஆனால் சிஎஸ்எஸ் என்பது கடையில் விற்கும் படக் கம்பனி டிவிடிக்குப் போடும் பூட்டு. கூத்து, கலியாணம், கோயில் திருவிழா என்று நம்மூர் வீடியோக்காரர் எழுதித் தந்த டிவிடி-ஆரில் அந்தப் பூட்டே கிடையாது. விஎல்சியோடு வரும் லிப்டிவிடிரீட், லிப்டிவிடிநாவ் இரண்டும் போதும். பூட்டுள்ள டிவிடியும் ஓடத்தான் வேண்டுமென்றால், நெட் உள்ள உபுண்டு 22.04 இல் கொம்பைல் பண்ணவிட்டு, யூஎஸ்ஆர், எஸ்ஆர்சி, லிப்டிவிடி-பிகேஜி ஃபோல்டரில் உருவாகும் லிப்டிவிடிசிஎஸ்எஸ்2 டெப்பை மட்டும் கொண்டுபோனால் சரி.

ஆகக் கடைசியில் கொண்டுபோன பட்டியல் சின்னது: விஎல்சி, எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்றும் கருவி), ஜிஸ்ட்ரீமர் லிபாவ், ஜிஸ்ட்ரீமர் பேட், அக்லி ப்ளகின்கள், ஒடாசிட்டி, விசிடிஇமேஜர், ஜிடிடிரெஸ்கியூ, தமிழுக்கு ஃபொன்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல், ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர். விஎல்சிக்கு ஜிஸ்ட்ரீமர் தேவையில்லை. உபுண்டுவோடு வரும் வீடியோ பிளேயரும் ரிதம்பொக்ஸும் அதைத்தான் நம்பியிருப்பதால் சேர்த்தது. அந்த 11 மைக்ரோசொஃப்ட் கோப்புகளில் ஒன்றிலும் தமிழ் எழுத்துக் கிடையாது, அதற்காக அழுவதில் பொருளில்லை. சப்டைட்டில் தமிழில் வராமல் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறி வந்தால் அது ஃபொன்ட் குறையும் அல்ல. பழைய ஆள் யாரோ யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு. யூனிகோடுக்கு மாற்றினால்தான் உருப்படும்.

நிறுவும்போது: பென்ட்ரைவில் இருந்தே ஓட்டாமல் ஃபோல்டரை ஹார்ட்டிஸ்குக்குக் கொப்பி பண்ணி, அதற்குள் நின்று அப்ட் இன்ஸ்டோல், புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம், டெப். நோ-இன்ஸ்டோல்-ரெகமென்ட்ஸ் தெரிவையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது பரிந்துரைகளைத் தேடி வெளியே கை நீட்டலாம். பல நாள் சேர்த்த டெப்களை ஒரே ஃபோல்டரில் கலந்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லிபாவ்கோடெக்58, லிபாவ்கோடெக்-எக்ஸ்ட்ரா58 இரண்டும் ஒன்றையொன்று விரட்டும். இரண்டும் ஃபோல்டரில் இருந்தால் நட்சத்திரம் போட்டு நிறுவுவது மோதலில் முடியும். எக்ஸ்ட்ரா தருவது ஏஎம்ஆர் போன்ற சிலவற்றை எழுதும் வசதிதான். எக்ஸ்264, எம்பி3 எழுதுவதற்குச் சாதாரணமானதே போதும். எக்ஸ்ட்ராவைத் தூக்கி எறியலாம்.

கோப்புப் பெயர்களில் வரும் நூற்றுவீதக் குறி, 3, ஏ கண்டு பயப்பட வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் பதிப்பெண் 7 முக்காற்புள்ளி 4.4.2 என்று தொடங்குகிறது. முக்காற்புள்ளியை அப்ட் அப்படி எழுதி வைக்கிறது. ஃபேட்32 முக்காற்புள்ளியை ஏற்காது, ஆகவே அதுவும் நல்லதுதான். பெயர் மாறினாலும் டிபிகேஜிக்குக் கவலையில்லை, அது உள்ளே எழுதியிருப்பதைத்தான் வாசிக்கும்.

"எல்இசட்எம்ஏ பிழை" (சுருக்கிய கோப்பைப் பிரிக்க முடியவில்லை என்று பொருள்) அல்லது "எதிர்பாராத கோப்பு முடிவு" என்று வந்தால் பெக்கேஜ் குறை இல்லை, பென்ட்ரைவ் குறை. ஒன்றில் சிங்க் (எழுத்தை முடித்துவைக்கும் கட்டளை) கொடுக்காமல் பிடுங்கியது, இல்லை 64 ஜிபி என்று எழுதி 8 ஜிபிகூட இல்லாத போலி. பாதையோரக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் எஃப்3 கருவியால் முழுக்க எழுதி வாசித்துப் பார்க்காமல் ஒரு கோப்பும் நம்பி வைக்கக் கூடாது. கல்முனையிலும் மட்டக்களப்பு டவுனிலும் உத்தரவாதச் சீட்டோடு தரும் கடைகள் இருக்கின்றன. இருநூறு முந்நூறு ரூபா மிச்சம் பிடிக்கப்போய் ஒரு நடை வீணாகும்.

விசிடிக்கு விசிடிஇமேஜர் ஏன் என்று கேட்கலாம். லினக்ஸில் விசிடியின் டட் கோப்பைச் சும்மா இழுத்துக் கொப்பி பண்ணினால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று நின்றுவிடும். தட்டு பழுதில்லை. விசிடியின் வீடியோத் தடம் சாதாரண டேட்டா செக்டர் வகையில்லை, அவ்வளவுதான். அந்த பெக்கேஜில் வரும் விசிடி-எக்ஸ்-ரிப் கட்டளை அதை எம்பிஜி கோப்பாக உரித்துத் தரும், 352க்கு 288 அளவில். கீறல் விழுந்த டிவிடிக்கு டிடிரெஸ்கியூ, செக்டர் அளவு 2048 கொடுத்து. அதன் பெக்கேஜ் பெயர் ஜி எழுத்தில் தொடங்கும், ஜி இல்லாதது வேறு கருவி. விடியவிடிய ஆடிய கூத்து டிவிடியில் ஒவ்வொரு ஜிபியாக வெட்டிய விஓபி கோப்புகளாக இருக்கும். அவற்றை ஒன்றாகக் கோத்த பிறகு மாற்ற வேண்டும், தனித்தனியாக மாற்றினால் வெட்டு விழும் இடத்தில் மத்தளச் சொற்கட்டு துண்டுபடும். எஃப்எஃப்எம்பெக்கில், பின்னல் கோடுகளை நீக்கும் யாடிஃப் வடிகட்டியோடு, எக்ஸ்264, தர அளவு சிஆர்எஃப் 20. கோர் 2 டுவோவில் மெல்ல ஊரும், இரவில் ஓடவிடுவதுதான் வழி.

இப்போதைய போன்களில் எடுத்த ஹெச்இவிசி வீடியோ மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. கோடெக் இருக்கிறது, புரொசசருக்கு மூச்சில்லை. டவுனிலேயே 720பி ஹெச்.264 ஆக்கிக் கொண்டுவரச் சொல்லியாயிற்று.

அடுத்தது வீடியோ வெட்டி ஒட்டும் கேடென்லைவ். டெப்பாக எடுத்தால் கேடிஈ லைப்ரரிகள் வால்வாலாகப் பின்னால் வரும், ஆகவே அப்இமேஜ் ஒற்றைக் கோப்பு. பென்ட்ரைவில் வைத்து இரட்டைக் கிளிக் செய்தால் அசையாது. ஃபேட்32 இல் இயக்க அனுமதி நிற்காது, ஹோம் ஃபோல்டருக்கு மாற்றி அனுமதி கொடுக்க வேண்டும். அப்இமேஜ் ஓடத் தேவையான லிப்ஃபியூஸ்2 22.04 இல் தானாக வராது, அதன் டெப் அடுத்த பென்ட்ரைவில் போகிறது. அதற்கிடையில் யாராவது அவசரப்பட்டால் அப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட் தெரிவு கொடுத்துப் பிரித்து, உள்ளே இருக்கும் அப்ரன் கோப்பை நேரே ஓட்டலாம். கசெட்டில் உள்ள தென்மோடிக் கூத்துப் பாட்டுகளை ஒடாசிட்டிக்குள் எடுக்க 3.5 மிமீ வயர் ஒன்று கேட்டிருக்கிறது. இந்தப் பெட்டியில் லைன்-இன் துளை நீலம், பின்பக்கம். மைக் துளையில் செருகினால் சத்தம் நெரிபட்டுப் போகும்.