770 டிகிரியைத் தாண்டினால் லோடே வேறு

இண்டக்‌ஷன் ஹீட்டரில் (காயிலின் காந்தப்புலத்தால் உலோகத்தைச் சூடாக்கும் கருவி) பவர் ஏறவில்லை என்றதும் பெரிய இன்வெர்ட்டர் (காயிலுக்கு உயர் அதிர்வெண் மின்சாரம் தரும் பகுதி) தேடுகிறார்கள், தயவுசெய்து முதலில் மேட்சிங்கை, அதாவது காயிலின் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) இன்வெர்ட்டருக்குப் பொருந்துகிறதா என்பதைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் சுற்று விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இம்பிடன்ஸ் மாறும். 10:1 என்றால் காயில் பக்கத்து 0.1 ஓம், இன்வெர்ட்டருக்கு 10 ஓமாகத் தெரியும். ஒரு டேப் (சுற்று எண்ணிக்கையை மாற்றும் இணைப்பு) மாற்றினாலே கதை மாறிவிடும்.

சரி, குளிர்ந்த இரும்பில் கச்சிதமாக ட்யூன் செய்தாயிற்று, அப்புறம்? சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தன்மையை இழக்கிறது, காயிலின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) இறங்குகிறது, ரெசனன்ஸ் (காயிலும் கெபாசிட்டரும் ஒத்ததிரும் அதிர்வெண்) மேலே போய்விடுகிறது, சீரீஸ் ரெசனன்ட் (காயிலும் கெபாசிட்டரும் தொடராக உள்ள) இன்வெர்ட்டர் பழைய அதிர்வெண்ணிலேயே நின்றால் வோல்டேஜை கரண்ட் முந்த ஆரம்பித்து இன்வெர்ட்டரின் ஸ்விட்சுகளான ஐஜிபிடிகளின் உயிருக்கே ஆபத்து. பிஎல்எல் (ரெசனன்ஸைப் பின்தொடரும் கட்டுப்பாட்டுச் சுற்று) வைத்து அதிர்வெண்ணைத் துரத்தியே ஆக வேண்டும். காலிக் காயிலை வைத்து மட்டும் ட்யூன் செய்யாதீர்கள், அது வேறு லோடு.