அம்மாவின் மைலோ டின்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா என்னை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்திருக்கா, விபூதி பூசு" என்றார். என் மனைவி விபூதியும் பூசினாள், மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தும் குடிக்க வைத்தாள். அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். விரலில் குத்தி ரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின் 2.4 காட்டியது. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

கால் மணி நேரத்தில் அம்மா தெளிந்து, "என்னடா எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கிறீங்க?" என்றார்.

மலேசியாவில், பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகும் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டப் பட்டணம் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லாரும் தெரிந்தவர்கள். அம்மா பால்மரம் வெட்டியவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரியும் அங்கே மருந்து கட்டும் டிரஸ்ஸரும் அப்படியே போனார்கள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். 2019இல் சுகாதார அமைச்சு நாடு முழுக்க எடுத்த கணக்கில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு இல்லை என்று எண்ணுவதுதான் சுலபம்.

என்ன நடந்ததென்றால், அதற்கு முந்தின வாரம் காலில் புண் பழுத்து அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். வீட்டுக்கு வரும்போது ஒரு பை மருந்து கொடுத்தார்கள். அதில் கிளிக்லசைட் இருந்தது. வீட்டில் கிளினிக் கொடுத்த கிளிக்லசைட் ஏற்கெனவே இருந்தது. வேறு அட்டை, வேறு வடிவம், ஆனால் சீனியைக் குறைக்கும் அதே மருந்து. அம்மா இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு மாத்திரையைச் சாப்பிட மறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது!

வார்டிலேயே என் மனைவி, "வீட்டிலும் மாத்திரை இருக்கே, என்ன செய்வது?" என்று கேட்டாள். "இதில் எழுதியிருக்கிற மாதிரி கொடுங்கள்" என்றார் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். தப்பான பதில் இல்லை. 'பழையதை நிறுத்துங்கள்' என்ற வார்த்தைதான் குறைந்தது. வார்டில் அன்று எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று நானும் பார்த்தேன், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

திங்கட்கிழமை வீட்டிலிருந்த மருந்து எல்லாவற்றையும் கொட்டிக் கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். மருந்து கொடுக்கும் அந்த மலாய்ப் பெண் திட்டவில்லை. "ஆன்ட்டி, நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா தன் மைலோ டின்னைத் திறந்தார். காலை மாத்திரைகள் ரப்பர் பேண்டு போட்டு, ராத்திரி மாத்திரைகள் பழைய துணியில் முடிந்து. நாலாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு உறைமேல் இருக்கும் மலாய் எழுத்து எதற்கு? நிறமும் வடிவமும்தான் கணக்கு. "வெள்ளை உருண்டை கோப்பிக்கு முன்னாடி. நீட்டு மாத்திரை சோத்துக்குப் பிறகு."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மருந்து செய்யும் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும் என்று அவருக்குத் தெரியும். அம்மா மாதிரி ஆட்களுக்கு அன்றைக்கே முழுக் கணக்கும் குலைந்துபோகும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக அம்மா அதே கவுண்டருக்கு வருகிறார். டின்னைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை, நாங்களும் கொண்டு போனதில்லை.

இரண்டு மாதம் கழித்து என்னைக் கிளினிக்கின் ஆலோசனைக் குழுவில் சேரக் கேட்டார்கள். பானல் பெனாசிஹாட் என்பார்கள். ஊர்க்காரர்கள் உட்காரும் குழு, சம்பளம் கிடையாது. முதல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் காற்றாடி ரிப்பேர், கோத்தோங் ரோயோங் என்ற ஊர்கூடித் துப்புரவு, மோட்டார் நிறுத்தும் இடம். சுவரில் உலக நோயாளர் பாதுகாப்பு நாள் சுவரொட்டி, 2023 செப்டம்பர் 17க்கு ஒட்டியது. அந்த வருஷக் கருப்பொருளே நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதுதான். அதற்கு நேர் கீழே ஆலோசனைப் பெட்டி. அதன் பூட்டு துருப்பிடித்திருந்தது.

சரி, நமக்குத் தெரிந்ததைச் சொல்வோம் என்று வாயைத் திறந்தேன். காலை 6:10க்கு முதல் பிள்ளையை ஏற்றும்போதே கிளினிக் கேட்டில் பாட்டிமார்கள் நிற்பார்கள், வெறும் வயிற்றோடு, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க. 11:30க்குப் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு திரும்பும்போது அதே பாட்டி அப்போதுதான் கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு வெளியே வருவார். இருமலுக்கு வந்தவருக்கும் அவருக்கும் ஒரே வரிசை நம்பர். பசியாறாமல் அவ்வளவு நேரம் இனிப்புநீர்க்காரர் உட்காரலாமா? டாக்டர் உடனே எழுதிக்கொண்டார். உள்ளே இருக்கும் அவருக்குக் கேட் வாசல் தெரியாது. இப்போது ரத்தம் கொடுக்க வருபவர்களுக்குத் தனி நம்பர், எட்டு மணிக்கே எடுத்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரியதும் உண்டு. இங்கிலாந்தில் மார்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021இல் ஆஸ்பத்திரியிலேயே ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோனாள். பிள்ளையின் நிலைமை மோசமாகிறது என்று பெற்றவர்கள் சொன்னதை உரியபடி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டார் கவலைப்பட்டால் வேறொரு குழுவைக் கூப்பிட்டு உடனே பார்க்கச் சொல்லலாம் என்ற விதி, அவள் பெயரிலேயே, 2024 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இதைப் படித்த அன்று என் மனைவி வார்டில் கேட்ட கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தமிழில் உறை எழுதலாமே என்றும் கேட்டேன். கம்ப்யூட்டரில் வராதாம். அதனால் உறையில் படம் ஒட்டலாம் என்று முடிவானது: காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. என் மகள்தான் வரைந்தாள். குழுவில் எல்லாருக்கும் பிடித்தது, கைதட்டினார்கள்கூட. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சூரியன் சரி. இதை ஏன் வாழைப்பழத்தோட சாப்பிடணும்?"

அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. அம்மாவையே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சாப்பிட மீகூன் போடுவார்களா என்று கேட்கிறார்.